ஐம்பத்தைந்து டிகிரி மண்

மார்ச் பாதி தாண்டியதிலிருந்தே ஷம்சுதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் கண் விழித்ததும் நேராக ஜன்னலுக்குப் போவார். எதிர்வீட்டு வாசலோரம் ஒரு ஃபோர்சித்தியா புதர் உண்டு. அது மொட்டு விட்டிருக்கிறதா, மஞ்சளாகப் பூத்துவிட்டதா, பூ உதிரவே ஆரம்பித்துவிட்டதா என்று பார்ப்பார். அடுத்தது சமையலறை. கறி உள்ளே வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசலுக்கு இறங்குவார். புல்தரையில் ஓர் இடம் பார்த்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் குத்தி, எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"மறுபடியும் அதை மண்ணுல குத்தினீங்களா?" என்பாள் ரசியா பேகம். "கறிக்குள்ள விடுறதுங்க அது."

"கழுவிட்டேன்."

"கழுவினா ஆச்சா?"

எண் நாற்பத்தெட்டு ஃபாரன்ஹீட்டில் நின்றால் மனது கொஞ்சம் ஆறும். ஐம்பதைத் தொட்டால் அன்றைக்கெல்லாம் சோபாவில் உட்காருவதும் எழுவதுமாக இருப்பார். ஐம்பத்தைந்துதான் கணக்கு. எதிர்வீட்டு மஞ்சள் பூ உதிர ஆரம்பிப்பதும் அந்தச் சூட்டில்தான். மண் அந்தச் சூட்டில் சில நாள் நின்றுவிட்டால் க்ராப்கிராஸ் என்ற களையின் விதை கண் விழித்துவிடும். அதற்கு முன்னால் மருந்தைத் தூவி, தண்ணீர் விட்டு, மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். மேல்மண்ணில் ஒரு திரை மாதிரி அது படிந்து நின்றால், முளைக்கிற விதை முளைத்த இடத்திலேயே பட்டுப்போகும். சீக்கிரம் போட்டால் கோடை வருவதற்குள் மருந்தின் வீரியம் போய்விடும். முளைத்த பிறகு போட்டால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். நடுவில் ஒரு சின்ன சந்து. அவர்கள் வீடு இருக்கிற நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் அந்தச் சந்து ஏப்ரல் தொடக்கத்தில் திறந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிவிடும்.

போன வருஷம் அதைக் கோட்டைவிட்டிருந்தார். அலுவலகத்தில் ஒரு பெரிய ப்ராஜெக்ட் லைவ் போகிற நேரம், அவர்தான் மேனேஜர். நிமிர்ந்து பார்த்தபோது மே மாதம் வந்துவிட்டிருந்தது. ஜூலையில் டிரைவ்வே ஓரத்தில் வெளிறிய பச்சையில் அகன்ற இலைகள் தலைகாட்டின. ஆகஸ்டில் நண்டு கால் பரப்பியதுபோல் முன்புறம் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை வெயிலில் மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே பிடுங்கினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக மார்பில் அந்த இறுக்கம் வந்தது. புல்லிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து, வாயுத் தொல்லை என்று ஒரு மாத்திரையைச் சப்பிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜனவரியில் பனி அள்ளும்போது அது திரும்பி வந்தது. இந்த முறை சப்புகிற மாத்திரைக்கு அடங்கவில்லை. மார்பெலும்பைப் பிளந்து பைபாஸ் செய்து, கம்பி போட்டு இழுத்துக் கட்டி அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு முன்பு, இதற்கு முன்னால் எப்போதாவது வலித்ததா என்று டாக்டர் கேட்டார். ரசியா பக்கத்தில் நிற்பதை மறந்து, "ஆகஸ்ட்ல ஒரு தடவை" என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அதற்கப்புறம் இத்தனை வாரமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

எலும்பு கூடும்வரை தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது. ஒரு கேலன் பால்கேனுக்கு, அதாவது நாலு கிலோவுக்கு, மேல் எதையும் தூக்கக் கூடாது. ஆபீசுக்கு லீவு. இதெல்லாம் போதாதென்று ரமலான் வேறு வந்துவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து விடாத நோன்பை இந்த வருஷம் டாக்டர் விடச் சொல்லிவிட்டார். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ரசியா எழும்போது அவரும் எழுந்து எதிரே உட்கார்ந்திருப்பார். மதியம் மாத்திரைக்காக நாலு வாய் சாப்பிடும்போது, வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். வேலை இல்லை, நோன்பு இல்லை, ஸ்டியரிங் இல்லை. கைக்கு மிஞ்சியது அந்த தெர்மாமீட்டர்தான்.

மருந்து மூட்டையும் அதைத் தூவுகிற ஸ்ப்ரெடர் வண்டியும் கராஜில் தயாராகக் கிடந்தன. தள்ளுவதற்குத்தான் ஆள் இல்லை. ரசியாவிடம் பேச்செடுத்தாலே, "புல்லைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க" என்று எழுந்து போய்விடுவாள். மகள் ஆஸிபா நியூ பிரன்ஸ்விக்கில் தங்கிப் படிக்கிறாள். போன் போட்டால், "ஐ வில் டூ இட் திஸ் வீக்கெண்ட், அத்தா. ப்ராமிஸ்" என்பாள். ஒரு வாரம் மழை. அடுத்த வாரம் காலேஜில் இஃப்தார் ஏற்பாடு. "இட்ஸ் ஜஸ்ட் கிராஸ்" என்று அவள் சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது.

பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி பொள்ளாச்சிக்காரர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். இரண்டு வீட்டுப் புல்தரைக்கும் நடுவே வேலி கிடையாது.

"நான் போட்டாச்சுங்க பாய்," என்றார் அவர். "உங்களுதையும் சேர்த்துத் தள்ளியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை."

"வேணாங்க, பொண்ணு வரேன்னிருக்கா" என்றார் ஷம்சுதீன். சொன்ன மாத்திரத்தில் தன் வாயைத் தானே நொந்துகொண்டார். ஆனால் தான் வாங்கின வீட்டின் புல்லில் இன்னொருத்தர் வண்டி தள்ளுவதை ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற தைரியமும் அவருக்கு இல்லை.

ரமலானின் கடைசி வெள்ளிக்கிழமை. வார நடுவில் கொட்டிய மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. தெர்மாமீட்டர் மூன்றாவது நாளாக ஐம்பத்தைந்தைக் காட்டியது. எதிர்வீட்டுப் புதரடியில் ரோட்டோரம் மஞ்சள் இதழ்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. ரசியா ப்ளெய்ன்ஸ்பரோவில் ஒரு பல் டாக்டரிடம் ஃப்ரண்ட் டெஸ்க்கில் வேலை பார்க்கிறாள். கிளம்பும்போது, "பன்னெண்டரைக்கு வந்துடறேன். ஜும்மாவுக்கு ரெடியா இருங்க. அதுவரைக்கும் ஒரு இடத்துல உட்காருங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உட்காரத்தான் பார்த்தார். யூடியூபில் ஒரு பயான் உரையை ஓடவிட்டார். ஹஜ்ரத் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். இன்னொரு தடவை போனார். மூன்றாவது தடவை ஜன்னலில் நிற்காமல் கராஜுக்குள் போய்விட்டார்.

மூட்டையைத் தூக்கவில்லை. கிடந்த இடத்திலேயே அதன் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டினார். காலித் தயிர் டப்பா ஒன்றை எடுத்து, அள்ளி அள்ளி ஸ்ப்ரெடரில் கொட்டினார். ஒரு டப்பா என்ன எடை வந்துவிடப் போகிறது? டாக்டர் சொன்னதை மீறவில்லை என்று தனக்குத் தானே வாதாடிக்கொண்டார். முழுக்க நிரப்பாமல் பாதியோடு நிறுத்தினார். தள்ளுவதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கைப்பிடியை வயிற்றில் கொடுத்து, உடம்பைச் சாய்த்து நடந்தால் மார்புக்கு வேலையே இல்லை.

முதல் வரிசை போனார். ரவை சிதறுவதுபோல் மருந்துக் குருணை இரண்டு பக்கமும் விசிறி விழுந்தது. சக்கரத்தின் கரகர சத்தம் எத்தனை நாளாகக் கேட்காத சத்தம்! திரும்பினார். இரண்டாவது வரிசையை முதல் வரிசையின் தடத்தை ஒட்டியே பிடித்தார். வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. கால்கள் தங்கள் பாட்டுக்கு நடந்தன. பாதித் தரை முடிந்தபோது, ரசியா வருவதற்குள் ஸ்ப்ரெடரைக் கழுவிக்கூட வைத்துவிடலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது வந்தது. தூரத்தில் பெரிய லாரி ஒன்று வருவதுபோல் முதலில் உறுமல். பிறகு கைப்பிடி கையில் நடுங்கியது. முழங்கால் நடுங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ குலுங்கியது. பூமி ஆடுகிறது என்று யாருக்குத் தோன்றும், அதுவும் நியூ ஜெர்சியில்? கம்பி அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தார். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தார். உயிர் போகிற நேரத்தில் கலிமா வந்திருக்க வேண்டும் வாயில். வரவில்லை. கண் எதிரே மருந்து விழாத தரை கிடந்தது. இன்னும் பாதி பாக்கி என்ற ஒரே நினைப்புதான் வந்தது.

படீரென்று பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காதில் ஹெட்செட்டோடு, காலில் செருப்பில்லாமல், திருமூர்த்தி ஓடி வந்தார்.

"பாய்! எர்த்க்வேக் பாய்! வீடே ஆடுச்சு! நீங்க ஃபீல் பண்ணீங்களா?"

ஷம்சுதீன் அவரை அண்ணாந்து பார்த்தார். "வெளியிலயா ஆடுச்சு?" என்றார்.

"பின்ன?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மார்பெலும்பு வலித்தது; வலித்ததும் இன்னும் சிரிப்பு வந்தது. திருமூர்த்திக்குச் சங்கடமாகிவிட்டது. தூக்கிவிட இரண்டு கையையும் நீட்டினார்.

"ஐயோ, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. இழுக்கக் கூடாது."

"அப்புறம் எப்படிங்க எந்திரிப்பீங்க?"

அதுதான் தெரியவில்லை. கையை ஊன்றவும் கூடாது. இருவரும் ஒரு வழியும் தோன்றாமல் யோசித்தார்கள். கடைசியில் திருமூர்த்தி பின்னால் போய், இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, அவரை முட்டி போடவைத்து, ஒவ்வொரு காலாக ஊன்றச் செய்து நிமிர்த்தினார். வாசற்படியில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் எடுத்து வரப் போனார். வீட்டுக்குள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஷம்சுதீனால் உடனே இன்னொரு தடவை எழ முடியவில்லை. ரசியாதான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பிறகு அடிக்கவே இல்லை. அது இன்னும் மோசம்.

அவள் கார் டிரைவ்வேயில் கோணலாக ஏறி நின்றது. என்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கினாள். அவர் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவர் பேண்டின் பின்புறம் ஈரமும் புல்லுமாக இருப்பதைப் பார்த்தாள். பிறகு நடுத் தரையில் தனியாக நின்றுகொண்டிருந்த ஸ்ப்ரெடரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலக்கா," என்றார் திருமூர்த்தி, தண்ணீர் டம்ளரோடு. "நல்லாத்தான் இருக்காருங்க. சிரிச்சாரு."

"ரொம்ப தேங்க்ஸுங்க" என்றாள் ரசியா. காரை அணைத்துவிட்டு வந்து, அவரை உள்ளே கூட்டிப் போனாள். சோபாவில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை சில்லென்றிருந்தது.

"இருமுங்க."

இருமினார்.

"எலும்பு சத்தம் போடுதா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"சிரிச்சதுல கொஞ்சம்."

அவள் கையை எடுக்கவில்லை. "ஆகஸ்ட்ல எங்க உட்கார்ந்தீங்க?" என்று கேட்டாள்.

இத்தனை வாரமாக வராத கேள்வி இப்படி வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. "மெயில்பாக்ஸ் பக்கத்துல" என்றார்.

"நான் எங்க இருந்தேன்?"

"உள்ளதான். உன் தங்கச்சி பர்வினோட போன்ல பேசிட்டிருந்த. ஜன்னல் வழியா சத்தம் கேட்டுது."

"அப்போ நீங்க கூப்பிட்டிருந்தா எனக்கும் கேட்டிருக்கும்."

"ஆமா."

"அப்புறம் எழுந்து உள்ள வந்தீங்களா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. மிச்சத்தையும் பிடுங்கிட்டுதான் வந்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவே."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கி?"

"இன்னிக்கும் அதேதான், ரசியா. பூமி ஆடினப்போ போயிட்டேன்னுதான் நினைச்சேன். அப்பக்கூட நீ ஞாபகம் வரல. பிள்ளை வரல. அல்லாஹ் மன்னிக்கணும், இன்னும் பாதி பாக்கியிருக்கேன்னுதான் தோணிச்சு." தன்னைப் பற்றி அப்படி ஒரு விஷயம் அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. அதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ரசியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். சமையலறைக்குப் போகிறாள் என்று நினைத்தார். வாசற்கதவு திறந்து மூடியது. சற்று நேரத்தில் சக்கரத்தின் கரகர சத்தம் கேட்டது.

அவர் படிக்கு வந்தபோது, ஆபீஸ் உடுப்போடு, முக்காட்டின் முனையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, அவள் ஸ்ப்ரெடரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளினாள் என்பதைவிடத் துரத்தினாள் என்பது பொருந்தும்.

"நோன்போட எதுக்கு இது? விடு."

"பேசாதீங்க. இது முடிஞ்சாத்தான் நீங்க ஒரு இடத்துல உட்காருவீங்கன்னா, முடிச்சிடறேன். உட்காருங்க அங்க."

உட்கார்ந்தார். திருமூர்த்தி தன் வாசலிலிருந்து, "குடுங்கக்கா, நான் பண்றேன்" என்றார். "வேணாங்க" என்று அவள் சொன்ன விதத்தில் அவர் இரண்டு அடி பின்வாங்கினார்.

"நேரா போ ரசியா. போன தடத்தை ஒட்டிப் போ."

"நேராத்தான் போறேன்."

போகவில்லை. ஓர் இடத்தில் இரண்டு தடவை விழுந்தது. இன்னோர் இடத்தில் விழவே இல்லை. மருந்து தீர்ந்ததும் கராஜுக்குப் போய் டப்பாவால் அள்ளிக்கொண்டு வந்தாள். மெயில்பாக்ஸ் பக்கம் வளையும்போது, சட்டென்று நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே உட்கார்ந்தா என்னைக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடறேன்."

"வேலை பாதியில இருந்தா?"

திருமூர்த்தி சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷம்சுதீன் மெயில்பாக்ஸைப் பார்த்தார். சொன்னால் அது நிஜமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"பாதியிலயே கூப்பிடறேன்" என்றார்.

அவள் அதை நம்பினாளா என்பது முகத்தில் தெரியவில்லை. திரும்பிக்கொண்டு, விட்ட இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளியே ஆரம்பித்து, மிச்சத்தைத் தள்ளி முடித்தாள்.

ஜும்மாவுக்குத் தாமதமாகத்தான் போனார்கள். பள்ளியில் எல்லார் வாயிலும் நில அதிர்ச்சிதான். ஷம்சுதீன் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுதார். காலையில் வராத கலிமாவை மெதுவாக, ஒன்றுக்குப் பல தடவை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தவர்தான்; எப்போது கண் அயர்ந்தார் என்று தெரியாது.

விழித்தபோது நோன்பு திறக்கிற நேரம் ஆகியிருந்தது. கஞ்சி வாசனை வந்தது. ஆஸிபா எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஆடியதில் பயந்துபோய், சாயங்கால வகுப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"அத்தா, டிட் யூ ஃபீல் இட்? சிக்ஸ் ஓ க்ளாக் இன்னொண்ணு வந்துது!"

"எது?"

"ஆஃப்டர்ஷாக்! ஷெல்ஃப் எல்லாம் ஷேக் ஆச்சு. யூ ஸ்லெப்ட் த்ரூ இட்!"

அவர் நம்பாமல் ரசியாவைப் பார்த்தார். அவள் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டே தலையாட்டினாள். "எழுப்பலாம்னு கிட்ட வந்தேன். குறட்டை விட்டுட்டிருந்தீங்க. சரி, பூமி நின்னப்புறம் எழுந்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெளியே ஏதோ சளசளவென்று சத்தம் கேட்டது. மழையா என்று எழுந்து ஜன்னலுக்குப் போனார். புல்தரையில் ஸ்ப்ரிங்க்ளர் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா டோல்ட் மீ டு," என்றாள் ஆஸிபா. "தண்ணி விடலேன்னா வேஸ்ட்டாம். பேக் பின்னாடி எழுதியிருக்காம்."

"நீ படிச்சியா?" என்றார் ரசியாவிடம்.

"இவ்ளோ பண்ணிட்டு அதை விட்டா, நாளைக்கி நீங்க ஹோஸைத் தூக்கிட்டு நிப்பீங்க. பேரீச்சம்பழம் எடுங்க, நேரமாச்சு."

நோன்பு வைக்காதவர் நோன்பு திறக்க உட்காருவதற்கு இந்த மாதம் முழுக்கக் கூச்சப்பட்டிருந்தார். அன்றைக்கு அந்தக் கூச்சம் ஏனோ எழவில்லை. கஞ்சியை இன்னொரு தடவை வாங்கிக் குடித்தார்.

அந்தக் கோடையில் தரை ஏறக்குறைய சுத்தமாகவே இருந்தது. மெயில்பாக்ஸை ஒட்டிய வளைவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு க்ராப்கிராஸ் கிளம்பியது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் இருவரும் அங்கே போனார்கள். அவர் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தும், அவள் குத்துக்காலிட்டும் பிடுங்கினார்கள். வேர் ஆழம் போகவில்லை; சுலபமாகவே வந்தது. பாதிகூட ஆகியிருக்காது, ஷம்சுதீன் கையை நிறுத்தினார்.

"ரசியா, கொஞ்சம் மூச்சு வாங்குது."

அவள் அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். "வலி?"

"வலியெல்லாம் இல்ல. வாங்குது, அவ்ளோதான்."

"சரி, போதும். வாங்க" என்று அவள் எழுந்தாள். பிடுங்கியதும் பிடுங்காததுமாக அந்த இடம் அலங்கோலமாகக் கிடந்தது. அவர் அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கை அரிக்கத்தான் செய்தது. பிறகு ஸ்டூலை அவளிடம் கொடுத்துவிட்டு, நிழல் விழுந்திருந்த பக்கமாக நடந்து உள்ளே போனார்.